வலப்பக்கத்துப் போர்ட்

அகல்யாவுக்கு வேலையே அதுதான். ஒரு பெரிய கம்பெனியின் ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் அவளுக்குத்தான் போன் வரும். அயனம்பாக்கம் ஏரிப்பக்கத்துக் குடியிருப்பில், மூன்றாவது மாடி வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு முப்பது பேருக்காவது பதில் சொல்வாள். "ஹப்ல சொருகாதீங்க சார், நேரா லேப்டாப்புல இருக்கிற போர்ட்டுல சொருகிப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அந்த வாக்கியமே அவள் வாயில் தேய்ந்து போயிருந்தது. பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வியாழக்கிழமை அந்தத் தப்பைச் செய்தாள்.

குடியிருப்பில் மோட்டார், லிஃப்ட், குழாய், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் வேம்புலி. ஐம்பத்து நாலு வயது. ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பிறந்தவர். பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு, அதை மூடிய பிறகு இங்கே வேலைக்கு வந்தார். அகல்யா கும்பகோணத்திலிருந்து புருஷன் விஷ்ணுவோடும் மூன்று வயது வர்ஷாவோடும் குடிவந்த முதல் வாரத்திலேயே வர்ஷா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். உள்ளே குழந்தை வீறிட, வெளியே அகல்யாவும் அழ, கதவை உடைத்துவிடலாம் என்று விஷ்ணு பாய, வேம்புலி வந்து எல்லாரையும் கையமர்த்திவிட்டுக் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அய்வாத கண்ணு. மாமா இங்கதான் கீறேன். கம்பி ஒண்ணு தெரிதா? அத்தப் புடி. புட்ச்சியா? மேல தூக்கு... அம்மாம் பலம் வோணாம், மெதுவா... ஆங், அப்டிதான்."

பதினைந்து நிமிஷம் அவர் குரல் மட்டும்தான் அந்த வீட்டில் கேட்டது. தாழ்ப்பாள் திறந்ததும் குழந்தை நேரே அவரிடம்தான் போனாள். அந்தக் குரலை அகல்யா அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, வேம்புலிக்குச் சோறு தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் அலைந்த பிறகு புற்று என்றார்கள். குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்த அன்று, அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹேமாவதி என்கிற பெண், வேம்புலியின் மனைவி பொன்னியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அவர் குரல் இன்னும் கெடவில்லை. அதற்குள் இருநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்து ஒரு குழுவினர் அவர் குரலைப் போலவே ஒன்றைச் செய்து தருவார்கள். அப்புறம் போனில் எழுதினால் போதும், அது அவர் குரலிலேயே பேசும். ஆனால் பதிவு துல்லியமாக இருக்கவேண்டும். செல்போனில் பேசிக் கொடுத்தால் ஆகாது.

பொன்னியம்மா பக்கத்துத் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறவள். அவளுக்குத் தெரிந்த ஒரே மைக் அகல்யாவிடம்தான் இருந்தது. அகல்யா குழந்தைகளுக்கான கதைகளைப் படித்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்காக நல்ல மைக் ஒன்றும், மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

"நீங்க ஏன்க்கா கவலைப்படறீங்க? அண்ணனை வியாழக்கிழமை நாலு மணிக்கு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்" என்று அகல்யா பொன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை அவளுடைய அலுவலக மீட்டிங் நாலு மணிக்கு முடியவில்லை. நாலே காலுக்கு அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது வேம்புலி இஸ்திரி போட்ட சட்டையோடு வாசல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் வாக்கியங்கள் அச்சிட்ட தாள்கள்.

"வந்துடுங்கண்ணா, வந்துடுங்க. ரெண்டே நிமிஷம்."

லேப்டாப்பின் இடப்பக்கத்தில் சின்னதாக இரண்டு போர்ட்டுகள். ஒன்றில் சார்ஜர், இன்னொன்றில் ஒரே போர்ட்டைப் பலதாகப் பிரித்துத் தருகிற ஹப். அந்த ஹப்பில் கேமரா, ஹெட்செட், பழைய ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டே இருக்கும் ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கின. வலப்பக்கத்தில் அகலமான போர்ட் ஒன்றே ஒன்று. அதில் மவுஸின் விரல்நகம் அளவு ரிசீவர் உட்கார்ந்திருந்தது. கதை பதிவு செய்கிற நாட்களில் அகல்யா அந்த ரிசீவரைப் பிடுங்கி ஹப்பில் போட்டுவிட்டு, இன்டர்ஃபேஸை வலப்பக்கத்து போர்ட்டில்தான் நேராகச் சொருகுவாள். இன்டர்ஃபேஸுக்கு மின்சாரமும் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகவேண்டும். மற்றவற்றோடு பங்கு போட்டுக்கொண்டால் அது திணறும். இது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயமே இல்லை.

அன்றைக்கு அவள் வலப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். மேஜையில் சாமான்கள் அடைத்துக்கொண்டதில் லேப்டாப் வலப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. மேஜையை நகர்த்தவேண்டும். ஹப்பில் ஒரு இடம் காலியாக இருந்தது. பரவாயில்லை என்று அதில் சொருகினாள். இன்டர்ஃபேஸில் பச்சை விளக்கு எரிந்தது. வேம்புலி தொண்டையைச் செருமியதும் திரையில் கோடு எழும்பி அடங்கியது.

"ஆரம்பிக்கலாம்ணா."

தாளில் இருந்தது எழுத்துத் தமிழ். 'நான் வீட்டிற்குச் செல்கிறேன்' என்று போட்டிருந்ததை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் ஊட்டுக்குப் போறேன்" என்று படித்தார்.

"இப்டி படிச்சா ஒத்துக்குவாங்களாமா?"

"நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே படிங்கண்ணா. அதுதான் வேணும்னு சொல்லியிருக்காங்க."

"அப்போ ஸோக்காப் போச்சு" என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு மணி நேரம் படித்தார். நடுவே மூன்று முறை வெந்நீர் குடித்தார். பத்தாவது வாக்கியத்தின்போது அகல்யாவின் ஹெட்போனில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நாற்காலி என்று நினைத்தாள். மறுபடி ஒரு டிக். மின்விசிறியோ என்று எழுந்து போய் அணைத்தாள். அப்புறம் காது வலிக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, திரையில் கோடு எழும்புவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூறும் முடிந்ததும் வேம்புலி தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதுல இல்லாத ஒண்ணு நான் சொல்ட்டா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் மைக்குக்குக் கொஞ்சம் கிட்டே போனார்.

"பொன்னி, துன்ட்டியா?" என்று மனைவி சாப்பிட்டாளா எனக் கேட்டார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் போல எழுந்துகொண்டார்.

வாசல் வரை வந்து செருப்பை மாட்டியவர் திரும்பினார். "எல்லாம் சரியா வந்துக்கீதா, ஒரு தபா கேட்டுப் பாத்துடுமா. சரியில்லாங்காட்டி சொல்லு, சனிக்கெயம திரும்ப வந்து படிச்சுத் தரேன். ஊட்லதான் கீறேன்."

"தேவையே இல்லண்ணா, அருமையா வந்திருக்கு" என்றாள் அகல்யா. ஒரு வாக்கியத்தைக்கூட அவள் திருப்பிக் கேட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை. சனிக்கிழமை பூந்தமல்லியில் விஷ்ணுவின் மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா. ஞாயிற்றுக்கிழமை எழுந்ததே பத்து மணிக்கு. அப்புறம் துணி, சமையல், வர்ஷாவின் வீட்டுப்பாடம். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்து முடிந்தது. நன்றாக முடிந்தது என்று பொன்னியம்மாவே போனில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், வாக்கியங்களைத் தனித்தனியாக வெட்டுவதற்காக அகல்யா அந்த ஃபைலைத் திறந்தாள்.

முதல் சில வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. அதற்குப் பிறகு டிக். ஐந்து நொடி கழித்து டிக். போகப்போக டிக் வந்த இடங்களில் சொற்களே இல்லை. 'எனக்குத் தாகமா கீது' என்பதில் தாகம் இல்லை. 'டாக்டர் எப்போ வருவாரு' என்பதில் டாக்டர் பாதியோடு நின்றார். அவள் வேகவேகமாகக் கடைசிக்குப் போனாள். "பொ... துன்ட்டியா?" என்று கேட்டது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் மேஜையை நகர்த்தினாள். மவுஸ் ரிசீவரைப் பிடுங்கி, இன்டர்ஃபேஸை வலப்பக்கத்து போர்ட்டில் சொருகினாள். அதே மைக்கில், அதே தாளை எடுத்துப் பத்து நிமிஷம் தானே படித்தாள். போட்டுக் கேட்டாள். ஒரு டிக் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. மேஜையை நகர்த்த அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் ஹேமாவதிக்கு அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: 'முப்பத்தொரு வாக்கியங்கள்தான் தேறும். குறைந்தது நூற்றைம்பதாவது வேண்டும் என்கிறார்கள். என்ன ஆச்சு?' அகல்யா அதற்குப் பதில் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் பொன்னியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள்.

"அகல்யாமா, அந்தக் கொரலு ரெடியாயிடுச்சா? அவரு கையாலயே கேட்டுகினு கீறாரு."

சொல்லிவிடலாம் என்றுதான் அகல்யா வாயைத் திறந்தாள்.

"அக்கா... அண்ணனோட தொண்டை ஏற்கனவே கொஞ்சம் கரகரப்பா இருந்திருக்குக்கா. அதனால மெஷின் அதை எடுத்துக்க மாட்டேங்குதாம்."

அந்தப் பக்கம் வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது கேட்டது.

"அப்டியா" என்றாள் பொன்னியம்மா. "சரிம்மா. நீ இன்னா பண்ணுவ."

அன்றிரவு சாப்பிடும்போது விஷ்ணுவிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏன் அப்படிச் சொன்ன?"

"தெரியல. வாயில வந்துடுச்சு."

"சரி விடு. இனிமே உண்மையைச் சொன்னா மட்டும் குரல் திரும்பி வரப்போகுதா?"

அவன் சொல்வது நியாயமாகப் பட்டது. இரண்டு வாரம் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆனால் வேலையில் யாராவது "மைக்ல சத்தம் விட்டு விட்டு வருது மேடம்" என்றால், அவளால் அந்த வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. அந்த அழைப்பைக் கூட வேலை செய்கிற வேறொருவருக்கு மாற்றிவிட்டாள்.

வேம்புலி வீடு திரும்பிய மூன்றாம் நாள், சாத்துக்குடிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏரித் தெருவுக்குப் போனாள். ஆபரேஷன் நடந்து பதினெட்டு நாளாகியிருந்தது. வாசலுக்கு வெளியேயே பொன்னியம்மாவின் சத்தம் கேட்டது.

"எத்தினி வர்சமா சொன்னேன், பீடிய வுடு வுடுன்னு? கேட்டியா? ஊரு தொண்டையெல்லாம் மெஷினு எடுத்துக்குமாம், இவுரு தொண்ட மட்டும் ஆவாதாம். கட்சீல ரெக்கார்டு பண்ணக்கூட லாயக்கில்லாத கொரலா வெச்சிகினு கீற!"

அகல்யா கதவைத் தட்டியதும் பொன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தாள். வேம்புலி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில், துணி மூடியிருந்த ஓட்டை வழியாக மூச்சு ஏறி இறங்கியது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். அகல்யாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்திலிருந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து எழுதினார். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. திருப்பிக் காட்டினார்.

'மன்ச்சுக்கமா. உன் நேரத்த வீணாக்கிட்டேன்.'

அகல்யா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். பழங்கள் உருண்டு கட்டிலுக்கடியில் போயின.

"அண்ணா, உங்க குரல்ல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் தப்பு பண்ணினேன்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மைக்கை லேப்டாப்புல நேரா சொருகணும். மேஜையை நகர்த்த சோம்பல்பட்டு வேற இடத்துல சொருகிட்டேன். அதனால நடுநடுவுல வார்த்தையெல்லாம் விட்டுப் போச்சு. உங்களை அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கூடப் பாக்கல. உங்க குரல் நல்லா இருந்துச்சுண்ணா. ரொம்ப நல்லா இருந்துச்சு. தேறின முப்பத்தொண்ணும் அவ்வளவு சுத்தமா இருக்கு."

வேம்புலி பலகையை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பழைய எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுதினார்.

'சனிக்கெயம வரேன்னு சொன்னனே.'

"ஆமாண்ணா" என்றாள் அகல்யா. "சொன்னீங்க."

பேசியது பொன்னியம்மாதான். கத்தவில்லை. சற்று முன் கத்தியதைவிட அது மோசமாக இருந்தது.

"சொருவுனது தப்பாப் போச்சு, சரி. மன்சங்க கைதானே. ஆனா அவுரு தொண்ட மேல ஏம்மா பயியப் போட்ட? நீ போன்ல சொன்னதுலேர்ந்து நான் இந்த மன்சன இன்னா பேச்சுப் பேசிகினு கீறேன் தெரிமா? திருப்பி ஒரு வார்த்த பேசக்கூட அவுருக்கு வாயில்ல."

"தப்புதான்க்கா. என்னை மன்னிச்சிடுங்க."

"ஊட்டுக்குப் போ" என்றாள் பொன்னியம்மா. குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு, அகல்யாவின் கையிலேயே கொடுத்தாள்.

அகல்யா வேம்புலியைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ஹேமாவதிக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினாள். வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். அவ்வளவு குறைச்சலான பதிவிலிருந்து குரல் செய்ய இப்போதைக்கு முடியாது என்றாள் ஹேமாவதி. தேறிய முப்பத்தொன்றையும் அகல்யா தனித்தனியாக வெட்டி, வேம்புலியின் மகள் சிம்ரனின் போனுக்கு அனுப்பினாள். 'இது இன்னா வெல?', 'நாளைக்கு மய வரும்', 'நான் ஊட்டுக்குப் போறேன்' என்கிற மாதிரி வாக்கியங்கள். அப்பாவும் அம்மாவும் கேட்டார்களா என்று விசாரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சிம்ரனும் எதுவும் எழுதவில்லை. இரண்டு நீலக் குறிகள் மட்டும் விழுந்தன.

பொன்னியம்மா அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் வர்ஷாவைப் பார்த்து மட்டும் நின்று, கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு முழுவதும் அகல்யாவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

நாலு மாதம் கழித்து வேம்புலி வேலைக்குத் திரும்பினார். கழுத்து ஓட்டையில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள் என்றும், விரலால் அடைத்துக்கொண்டு பேசப் பழகுகிறார் என்றும் காவலாளி துலுக்கானம் சொன்னார். மாடியிலிருந்து அவர் நடமாட்டத்தை அகல்யா பார்ப்பாள். கீழே இறங்க மட்டும் கால் வராது.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு இழுபடும் சத்தம். பிறகு, தகரத்தை மணலில் இழுப்பது போல ஒரு குரல் ஏதோ சொன்னது. அவளுக்குப் புரியவில்லை.

"யாருங்க? யார் பேசறது?"

இந்த முறை குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டு வந்தது.

"நான்தாம்மா. வேம்புலி."

அகல்யா எழுந்து நின்றாள். "அண்ணா..." என்றாள். மன்னிப்புக் கேட்கலாமா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாமா என்று அவள் தடுமாறுவதற்குள் அவரே பேசினார்.

"பழைய நம்பரு போச்சு. இது புச்சு. தொட்டி கய்வப் போறோம். பன்னண்டு மணி வரிக்கும் தண்ணி வராது. புட்ச்சி வெச்சுக்கோ."

"சரிண்ணா. புடிச்சு வச்சிக்கறேன்."

"புரிஞ்சுதா? நான் பேசுறது?"

"புரியுதுண்ணா. நல்லாப் புரியுது."

"உம்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அவள் ஜன்னலருகே போனாள். கீழே மோட்டார் அறை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் வேம்புலி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன், மறு கையின் கட்டைவிரல் கழுத்தில். மொத்தம் இருபத்து நாலு வீடுகள். அடுத்த வீட்டுக்குப் போட்டிருக்கவேண்டும். பக்கத்து வீட்டில் போன் அடிப்பதும், யாரோ எடுத்து "யாருங்க அது?" என்று உரக்கக் கேட்பதும் சுவர் வழியாகவே அவளுக்குக் கேட்டன. கீழே அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அகல்யா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, குடத்தை அடியில் வைத்தாள்.